மூன்று சர்வர், ஒரே டிஸ்க் பெட்டி: சேமிப்பு நெட்வொர்க்கைத் திட்டமிடுவது எப்படி?

கிருஷ்ணகிரி, பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கம் ஓர் ஆலையோ கல்லூரியோ மருத்துவமனையோ கொஞ்சம் வளர்ந்ததும், கம்ப்யூட்டர் அறைக்கென்று ஒரு கொட்டேஷன் வந்து சேரும். பெரும்பாலும் பெங்களூரிலிருந்து, சில சமயம் ஓசூரிலிருந்து. 'டூயல் கன்ட்ரோலர் ஸ்டோரேஜ், 32 டி.பி.', '24 போர்ட் ஃபைபர் சேனல் சுவிட்ச்', 'ஹெச்.பி.ஏ. கார்டு', 'ஜோனிங்', 'லன் மாஸ்கிங்' என்று வரிசையாகப் போட்டு, கீழே லட்சங்களில் ஒரு தொகை இருக்கும். கையெழுத்துப் போட வேண்டியவருக்கு அதில் அந்த 32 மட்டும்தான் புரியும். பேரமும் அதை வைத்தே நடக்கும்: "அவங்க 40 தர்றேங்கிறாங்க, நீங்க மட்டும் ஏன் 32?"

அந்தக் காகிதத்தில் ஆகக் குறைந்த முக்கியத்துவம் உள்ள எண் அதுதான். ஏன் என்று சொல்ல, டிஸ்க் எங்கே இருக்கிறது என்ற இடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

## டிஸ்க் சர்வருக்கு உள்ளேயா, வெளியேயா?

ஒரு மாங்கூழ் ஆலையை எடுத்துக்கொள்வோம். அங்கே மூன்று சர்வர்கள். ஒன்று எடைமேடைக்கும் கொள்முதலுக்கும். இன்னொன்று கணக்குக்கு. மூன்றாவது, எந்த டிரம்மில் எந்த நாள் அரைத்த கூழ், அது பெங்களூராவா அல்போன்சாவா, ஆய்வகத்தில் என்ன முடிவு வந்தது என்ற பதிவுகளுக்கு. ஏற்றுமதிக்குப் போன டிரம்மைப் பற்றி எட்டு மாதம் கழித்து ஒரு கேள்வி வந்தால், பதில் அந்த மூன்றாவது சர்வரில்தான் இருக்கும்.

மூன்றுக்கும் தனித்தனி டிஸ்க் என்றால் இரண்டு தொல்லை. கணக்கு சர்வரில் இடம் தீர்ந்துபோகும். பக்கத்துச் சர்வரில் பாதி டிஸ்க் காலியாகக் கிடக்கும். இதை அதற்குக் கொடுக்க வழி இல்லை. இரண்டாவது தொல்லை பெரியது. சீசன் நடுவில் எடைமேடை சர்வரின் மதர்போர்டு போய்விட்டால், தரவு டிஸ்க்கில் பத்திரமாகத்தான் இருக்கும். ஆனால் செத்துப்போன பெட்டிக்குள் மாட்டிக்கொண்டிருக்கும். வெளியே லாரிகள் நிற்கும்.

அதனால் டிஸ்க்குகளையெல்லாம் ஒரே பெட்டியில் வைத்து, சர்வர்களை அதனோடு இணைக்கிறார்கள். இதற்கு இரண்டு வழிகள் உண்டு. பலரும் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

1. நாஸ். நெட்வொர்க் அட்டாச்டு ஸ்டோரேஜ் என்பதன் சுருக்கம். இங்கே சர்வர் கோப்பைப் பெயர் சொல்லிக் கேட்கும். தாலுகா அலுவலகப் பதிவறை மாதிரி. கோப்பு எண்ணைச் சொன்னால் உள்ளே இருப்பவர் தேடி எடுத்துத் தருவார். அலமாரி எந்த ஒழுங்கில் இருக்கிறது என்பது அவர் விஷயம்.

2. சான். ஸ்டோரேஜ் ஏரியா நெட்வொர்க் என்பதன் சுருக்கம். இங்கே பதிவறைக்காரர் கிடையாது. எண் போட்ட அறைகள் வரிசையாக இருக்கும், அவ்வளவுதான். "40,21,776-ஆம் கட்டத்தில் இருப்பதைக் கொடு" என்று சர்வர் கேட்கும். கட்டம் ஒவ்வொன்றும் 512 பைட் அல்லது 4,096 பைட். எந்தக் கட்டத்தில் எந்தக் கோப்பு என்ற கணக்கு முழுவதும் சர்வரிடமே இருக்கும்.

அதாவது சானில் இருக்கும் டிஸ்க்கை, சர்வர் தன் வயிற்றுக்குள் இருக்கும் சொந்த டிஸ்க் என்றே நினைத்துக்கொள்கிறது. வெளியே நெட்வொர்க் இருப்பதோ, பக்கத்தில் வேறு சர்வர்கள் இருப்பதோ அதற்குத் தெரியாது. இந்த அறியாமையில்தான் சானின் வசதியும் இருக்கிறது, ஆபத்தும் இருக்கிறது.

## சர்வரின் மூன்று நம்பிக்கைகள்

சர்வரும் டிஸ்க்கும் பேசிக்கொள்ளும் மொழிக்கு ஸ்கஸி என்று பெயர். 1986-ல் தரமாக வெளியானது. அப்போது அது ஒரு பட்டையான கேபிளில் ஓடியது. ஒரு கேபிளில் கம்ப்யூட்டரையும் சேர்த்து எட்டுக் கருவிகள் வரை மாட்டலாம். கேபிளின் நீளம் சில மீட்டர். அந்தச் சின்ன உலகத்துக்காக எழுதிய மொழி என்பதால், மூன்று விஷயங்களை அது கேள்வி கேட்காமல் நம்புகிறது.

1. கேபிளில் அனுப்பியது வழியில் தொலையாது.
2. கண்ணில் படும் டிஸ்க் எல்லாம் எனக்கே.
3. ஒரு டிஸ்க் கண்ணில் பட்டால் அது ஒரு டிஸ்க்.

பல கேபிள்களைச் சேர்த்து இணைக்கும் சுவிட்ச்சை நடுவில் கொண்டுவந்து வைத்ததும் மூன்றுமே பொய்யாகிவிடுகின்றன. கொட்டேஷனில் இருக்கும் ஒவ்வொரு வரியும் இந்த மூன்றில் ஏதோ ஒன்றைக் காப்பாற்றத்தான். எந்த வரி எதற்கு என்று தெரிந்துகொண்டால் எதை வெட்டலாம், எதில் கைவைக்கக் கூடாது என்பதும் தெரிந்துவிடும்.

## வழியில் தொலையாமல் இருக்க: ஃபைபர் சேனலும் ஐஸ்கஸியும்

ஆலை முற்றத்தில் எட்டு லாரி நிற்க இடம் இருக்கிறது என்று வையுங்கள். ஆலை எட்டு டோக்கன்களைத் தோப்புக்குக் கொடுத்து அனுப்புகிறது. கையில் டோக்கன் இல்லாமல் எந்த லாரியும் தோப்பை விட்டுக் கிளம்பக் கூடாது. ஒரு லாரி பழத்தை இறக்கியதும் அதன் டோக்கன் தோப்புக்குத் திரும்பும், அடுத்த லாரி கிளம்பும். இடமில்லை என்று பழம் ரோட்டில் நிற்க வாய்ப்பே இல்லை.

ஃபைபர் சேனல் இப்படித்தான் வேலை செய்கிறது. அந்த டோக்கனுக்கு பஃபர் கிரெடிட் என்று பெயர். இதன் தரம் 1994-ல் ஏற்கப்பட்டது. 1 ஜிகாபிட்டில் தொடங்கி 2, 4, 8, 16, 32, 64 என்று இரட்டித்துக்கொண்டே வந்திருக்கிறது. டிஸ்க் போக்குவரத்துக்கென்றே போட்ட தனிச் சாலை அது. அதற்குத் தனிச் சுவிட்ச் வேண்டும், சர்வரில் ஹெச்.பி.ஏ. என்ற தனிக் கார்டு வேண்டும். பெயரில் ஃபைபர் இருந்தாலும் தரத்தில் செம்புக் கம்பிக்கும் இடமுண்டு. நடைமுறையில் கண்ணாடி இழைதான்.

சாதாரண ஈதர்நெட்டில் டோக்கன் கிடையாது. லாரி பாட்டுக்குக் கிளம்பி வரும். இடமில்லையென்றால் லோடை அங்கேயே கொட்டிவிடுவார்கள். டி.சி.பி. என்ற கணக்கப்பிள்ளை, வராத லோடு எது என்று பார்த்து மறுபடி அனுப்பச் சொல்வார். ஸ்கஸி கட்டளைகளை இந்தக் கணக்கப்பிள்ளையின் பொறுப்பில் விட்டு ஈதர்நெட்டிலேயே அனுப்புவதுதான் ஐஸ்கஸி. 2004-ல் தரமானது. கடைசியில் எல்லாம் போய்ச் சேரும், ஆனால் மறுபடி அனுப்பும்போதெல்லாம் தாமதமாகும்.

ஃபைபர் சேனலுக்கும் ஒரு வியாதி உண்டு. ஒரு சர்வர் மெதுவாக இறக்கினால் அதன் டோக்கன்கள் திரும்பாது. அதே சாலையில் வேறு ஆலைக்குப் போக வேண்டிய லாரிகளும் பின்னால் நின்றுவிடும். ஒரு பழைய சர்வரின் கோளாறு, சம்பந்தமே இல்லாத மற்ற சர்வர்களை மந்தமாக்குவது இப்படித்தான். எதுவும் தொலைவதில்லை என்பதால் இழப்புக் கணக்கு சுத்தமாக இருக்கும். டோக்கனுக்காகக் காத்திருந்த நேரத்தைக் காட்டும் கவுண்டரைத் தேடிப் பார்த்தால்தான் நோய் தெரியும்.

ஐஸ்கஸி என்று முடிவானால் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

1. அலுவலகக் கம்ப்யூட்டர்களும் சி.சி.டி.வி.யும் தொங்கும் சுவிட்ச்சில் டிஸ்க் போக்குவரத்தைக் கலக்கக் கூடாது. தனிச் சுவிட்ச் நல்லது. முடியாவிட்டால் தனி விலானாவது (ஒரே சுவிட்ச்சுக்குள் பிரித்து வைக்கும் தனிப் பாதை) வேண்டும்.

2. ஜம்போ ஃபிரேம், அதாவது ஒரே தடவையில் பெரிய பொதியாக அனுப்பும் முறை, வைப்பதென்றால் சர்வர், சுவிட்ச், டிஸ்க் பெட்டி எல்லாவற்றிலும் பொதியின் அளவு 9,000 பைட் என்று இருக்க வேண்டும். நடுவில் ஒன்று மட்டும் 1,500-ல் நின்றால் வரும் கோளாறு மண்டையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும். லாகின் ஆகும், டிஸ்க் தெரியும், சின்னக் கோப்பு திறக்கும். பெரிய கோப்பை நகல் எடுத்தால் மட்டும் தொங்கிவிடும். துண்டாக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு 8,972 பைட் அளவில் பிங் (பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனைச் செய்தி) போட்டுப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். 9,000-ல் தலைப்புகளுக்கு 28 பைட் போக மீதி அது.

3. சர்வரை அடையாளம் பார்க்காமல் உள்ளே விடக் கூடாது. அதற்கு சாப் என்ற கடவுச்சொல் முறை இருக்கிறது. பல இடங்களில் அது அணைந்தே கிடக்கிறது.

## கண்ணில் படுவதெல்லாம் எனக்கே: ஜோனிங், மாஸ்கிங், பங்கு டிஸ்க்

டிஸ்க் பெட்டிக்குள் இருக்கும் மொத்த இடத்தைத் துண்டு போட்டு சர்வர்களுக்குக் கொடுக்கிறோம். ஒவ்வொரு துண்டுக்கும் லன் என்று பெயர். எந்த லன் எந்த சர்வரின் கண்ணில் பட வேண்டும் என்பதை முடிவு செய்வதில்தான் திட்டமிடுகிறவரின் தரம் தெரியும்.

என்ன நடக்கக்கூடும் என்று பாருங்கள். டிரம் பதிவுகள் லினக்ஸ் சர்வரில் இருக்கின்றன. அந்த லன் தவறுதலாகக் கணக்கு சர்வருக்கும் தெரிகிறது, அது விண்டோஸ். லினக்ஸ் கட்டங்களுக்குக் கணக்கு வைக்கும் விதம், அதாவது அதன் கோப்பு முறை, விண்டோஸுக்குப் புரியாது. அதன் கண்ணுக்கு அது எழுதாத புது டிஸ்க். டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறந்ததும், 'இந்த டிஸ்க்கை இனிஷியலைஸ் செய்யவா?' என்று ஒரு சின்னப் பெட்டி எழும்பும். எதிரே இருப்பவர் வேறு ஏதோ வேலைக்காக உட்கார்ந்திருப்பார், பெட்டி வழியை மறைக்கிறதே என்று ஓகேயை அழுத்துவார். டிஸ்க்கின் தலைப்பகுதி போய்விடும். யாரும் எதையும் அழிக்கவில்லை, எந்தக் கருவியும் கெடவில்லை, ஆனால் டிரம் சர்வரை அடுத்த முறை ஆன் செய்யும்போது டிஸ்க் காலி என்று சொல்லும்.

இதைத் தடுக்க இரண்டு பூட்டுகள் உண்டு.

1. ஜோனிங். இது சுவிட்ச்சில் போடும் பூட்டு. ஒவ்வொரு ஃபைபர் சேனல் போர்ட்டுக்கும் (கேபிள் சொருகும் வாய்) 16 எழுத்து நீளத்தில் டபிள்யூ.டபிள்யூ.என். என்ற பிறவி எண் இருக்கும். இந்த எண் அந்த எண்ணோடு மட்டும் பேசலாம் என்று எழுதி வைக்கிறோம். ஒரு ஜோனில் ஒரே ஒரு சர்வர் போர்ட், அதற்கு வேண்டிய டிஸ்க் போர்ட்டுகள், அவ்வளவுதான் இருக்க வேண்டும். இரண்டு சர்வர்களை ஒரே ஜோனில் போடுவது சோம்பேறித்தனம். ஒன்று ரீபூட் ஆனால் மற்றதற்கும் சலசலப்பு போகும். கார்டு கெட்டுப்போய் மாற்றினால் பிறவி எண்ணும் மாறும், அதனால் ஜோனையும் திருத்த வேண்டும். இதை மறந்துவிட்டு, புதுக் கார்டே பழுது என்று திருப்பி அனுப்புகிறவர்களும் உண்டு.

2. லன் மாஸ்கிங். இது டிஸ்க் பெட்டியில் போடும் பூட்டு. ஜோனிங் தெருவின் கேட் என்றால் இது வீட்டுக் கதவு. கேட்டைத் தாண்டி வந்தவருக்கும் அவரவர் அறை மட்டுமே திறக்கும்.

சரி, ஒரே லன்னை வேண்டுமென்றே இரண்டு சர்வர்களுக்குக் கொடுத்தால் என்ன? பங்கு டிஸ்க் என்று அதைத்தானே சொல்கிறார்கள்? கொடுக்கலாம், ஆனால் சாதாரணக் கோப்பு முறையோடு கொடுக்கக் கூடாது. என்.டி.எஃப்.எஸ்., எக்ஸ்ட்4 போன்றவை, காலியிடப் பட்டியலின் நகலைத் தங்கள் நினைவகத்தில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்தே எழுதுகின்றன. ஒரே கிராமத்துக்கு இரண்டு வி.ஏ.ஓ.க்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவரும் காலையில் பதிவேட்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு தனித்தனி அறையில் உட்கார்ந்து, காலியாகத் தெரியும் ஒரே சர்வே எண்ணை இரண்டு பேருக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். அன்றைக்கே யாருக்கும் தெரியாது. தெரிய வரும்போது மூலப் பதிவேடும் கந்தலாகியிருக்கும்.

பங்கு டிஸ்க் வேண்டுமென்றால் எழுதும் முன் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்ளும் ஏற்பாடு வேண்டும். வி.எம்.எஃப்.எஸ்., ஜி.எஃப்.எஸ்.2, ஓ.சி.எஃப்.எஸ்.2 ஆகியவை அதற்கான கோப்பு முறைகள். இல்லையென்றால் ஒரு நேரத்தில் ஒரு சர்வரே டிஸ்க்கைப் பிடித்திருக்கும், அது விழுந்தால் அடுத்தது எடுத்துக்கொள்ளும் கிளஸ்டர் முறை. அதிலும் ஒரு சிக்கல். இரண்டு சர்வருக்கும் நடுவில் இருக்கும் தொடர்பு மட்டும் அறுந்தால், மற்றது செத்துவிட்டது என்று இரண்டுமே நினைத்து டிஸ்க்கின் மேல் பாயும். அதனால் டிஸ்க் யாருக்கு என்ற ஓட்டெடுப்புக்கு மூன்றாவதாக ஒரு சாட்சி வேண்டும். கூடவே, சந்தேகம் வந்தால் எதிராளியின் மின்சாரத்தையே துண்டிக்கும் ஏற்பாடும் லினக்ஸ் உலகில் உண்டு. அதன் பெயர் ஸ்டோனித். 'மற்ற சர்வரைத் தலையில் சுடு' என்ற ஆங்கில வாக்கியத்தின் முதலெழுத்துகள். பெயர் வைத்தவர்கள் பட்ட பாடு பெயரிலேயே தெரிகிறது.

## ஒன்றுக்கு இரண்டு வழி

2017 நவம்பரில் கிருஷ்ணகிரி கே.ஆர்.பி. அணையின் ஒரு ஷட்டர் உடைந்தது. மற்ற ஷட்டர்கள் நன்றாகத்தான் இருந்தன. ஆனாலும் தண்ணீரைப் பழையபடி தேக்க முடியவில்லை. மூன்று சர்வர்களின் தரவையும் ஒரே பெட்டியில் கொண்டுவந்து வைத்தால் நிலைமை அதுதான். தனித்தனி டிஸ்க் இருந்தபோது ஒன்று போனால் ஒரு சர்வர் நிற்கும். இப்போது ஒரு சுவிட்ச் போனால் மூன்றும் நிற்கும். எனவே நடுவில் இருக்கும் எதுவும் ஒற்றையாக இருக்கக் கூடாது.

சர்வரில் இரண்டு கார்டு. இரண்டு சுவிட்ச். டிஸ்க் பெட்டியில் அதன் மூளையான கன்ட்ரோலர் இரண்டு. முதல் கார்டு முதல் சுவிட்ச்சுக்கு, இரண்டாவது கார்டு இரண்டாவதற்கு. ஒவ்வொரு சுவிட்ச்சிலிருந்தும் இரண்டு கன்ட்ரோலருக்கும் ஒவ்வொரு கேபிள். ஃபைபர் சேனலில் அந்த இரண்டு சுவிட்ச்சுகளையும் ஒன்றோடொன்று இணைக்கவே கூடாது. இணைத்தால் ஒன்றில் செய்யும் ஜோன் தவறு மற்றதற்கும் பரவிவிடும். இரண்டு வாங்கியும் ஒன்று வாங்கிய கதைதான். திருத்தம் செய்யும்போதும் ஒரு பக்கத்தை முடித்து, ஒரு நாள் விட்டு மறுபக்கம் போவது நல்லது.

இப்போது மூன்றாவது நம்பிக்கை உடைகிறது. இரண்டு கார்டு, இரண்டு கன்ட்ரோலர் என்றால் நான்கு வழிகள். சர்வருக்கு ஒரே லன் நான்கு டிஸ்க்குகளாகத் தெரியும். நான்கும் ஒன்றுதான் என்று அதற்குச் சொல்வது மல்ட்டிபாத் மென்பொருள். விண்டோஸில் எம்.பி.ஐ.ஓ., லினக்ஸில் டிவைஸ் மேப்பர் மல்ட்டிபாத். தனிக் காசு கிடையாது, சர்வரோடு வருவதுதான். ஆனால் அமைக்க வேண்டும். கேபிள் எல்லாம் சரியாகப் போட்டுவிட்டு இதை மட்டும் விட்டுவிட்டால், சர்வர் நான்கில் ஒரு வழியை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடும். அந்த வழி அறும் வரை எல்லாம் நன்றாக இருப்பதாகவே தோன்றும்.

## 32 டி.பி.யின் கதை

இப்போது அந்த எண்ணுக்கு வருவோம். 8 டி.பி. டிஸ்க் நான்கு போட்டால் 32. ரெய்டு 6 என்ற முறையில் (வருமான வரி ரெய்டு இல்லை, டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டும் முறை) இரண்டு டிஸ்க் அளவு பாதுகாப்புக்குப் போய்விடும். மீதி 16. விண்டோஸ் 1,024-ஆல் வகுத்துக் கணக்குப் பார்ப்பதால் திரையில் 14.5 என்றுதான் தெரியும். ஏமாற்றிவிட்டார்கள் என்று சண்டை போட வேண்டாம்.

சண்டை போட வேண்டிய இடம் வேகம். நிமிடத்துக்கு 7,200 முறை சுற்றும் டிஸ்க் ஒன்று, அங்கங்கே சிதறிக் கிடக்கும் தரவைத் தேடிப் படித்தால் வினாடிக்குச் சுமார் 75 முறைதான் பதில் சொல்லும். இந்த எண்ணிக்கைக்கு ஐ.ஓ.பி.எஸ். என்று பெயர். நான்கு டிஸ்க்குக்கு 300. ரெய்டு 6-ல் சிறிதாக ஒன்றை எழுதுவதற்கு உள்ளே ஆறு வேலைகள் நடக்கும்; பழையதைப் படி, பாதுகாப்புத் தகவல் இரண்டையும் படி, மூன்றையும் திருத்தி எழுது. ஒரு டிஸ்க் அளவை மட்டும் பாதுகாப்புக்கு ஒதுக்கும் ரெய்டு 5-ல் நான்கு வேலை, எல்லாவற்றையும் இரண்டு டிஸ்க்கில் எழுதும் ரெய்டு 10-ல் இரண்டு.

ஆலையின் சீசன் உச்சத்தில் மூன்று சர்வரும் சேர்ந்து வினாடிக்கு 1,000 முறை டிஸ்க்கைத் தொடுகின்றன, அதில் 700 படிப்பதற்கு, 300 எழுதுவதற்கு என்று வைத்துக் கணக்குப் போடலாம்.

1. ரெய்டு 6: 700-உடன் 300-இன் ஆறு மடங்கு, 2,500. இந்த வகை டிஸ்க் 34 வேண்டும்.
2. ரெய்டு 5: 1,900. டிஸ்க் 26.
3. ரெய்டு 10: 1,300. டிஸ்க் 18.

கொட்டேஷனில் இருப்பது நான்கு. அந்த நான்கும் இந்தக் கலவையில் தருவது 120. கன்ட்ரோலரின் கேஷ் என்ற தற்காலிக நினைவகம் கொஞ்ச நேரம் சமாளிக்கும், அது நிரம்பியதும் எடைச்சீட்டு அடிக்க ஒரு நிமிடம் ஆகும். பேரம் பேசி 32-ஐ 40 ஆக்கினாலும் கூட வருவது ஒரே ஒரு டிஸ்க், 75 ஐ.ஓ.பி.எஸ்.

சுற்றும் பாகமே இல்லாத எஸ்.எஸ்.டி. வந்தபின் இந்தக் கணக்கு தலைகீழாகிவிட்டது. சர்வருக்கென்று செய்த ஒரு எஸ்.எஸ்.டி.யே பல்லாயிரம் ஐ.ஓ.பி.எஸ். தரும். தரவுத்தளங்களுக்கு மட்டும் நாலைந்து எஸ்.எஸ்.டி., பழைய கோப்புகளுக்கும் கேமரா பதிவுகளுக்கும் சுற்றும் டிஸ்க் என்று கேட்டால், மொத்த டி.பி. குறையும், ஆலை ஓடும். சுற்றும் டிஸ்க்கை ரெய்டு 6-ல் வைப்பதற்கும் காரணம் உண்டு. 8 டி.பி. டிஸ்க் ஒன்று போய் மாற்றினால், வினாடிக்கு 100 மெகாபைட் வேகத்தில் நிரப்பினாலும் 22 மணி நேரம் ஆகும். வேலை நடந்துகொண்டே நிரப்பினால் அதற்கும் மேல். அதற்குள் இன்னொன்று போனாலும் தாங்க வேண்டும்.

## அப்புறம், அந்த ஃபைபர் சேனல் சுவிட்ச் எதற்கு?

மேலே சொன்ன 1,000 ஐ.ஓ.பி.எஸ்., முறைக்கு 8 கிலோபைட் என்றால், வினாடிக்கு 8 மெகாபைட். ஒரு சாதாரண 1 ஜிகாபிட் ஈதர்நெட்டே 110 மெகாபைட் தாங்கும். அன்றாட வேலைக்குக் குழாய் ஒருபோதும் நிரம்பாது. நிரம்புவது இரவில் பேக்கப் எடுக்கும்போது. 4 டி.பி.யை 110 மெகாபைட் வேகத்தில் படிக்கப் பத்து மணி நேரம் ஆகும், விடிந்துவிடும். 10 ஜிகாபிட் இருந்தால் குழாய் தடையாக இருக்காது.

அதனால் இந்த மாவட்டங்களில் மூன்று நான்கு சர்வர் வைத்திருக்கும் ஓர் ஆலைக்கு என்னுடைய கணிப்பு இது:

1. இரண்டு 10 ஜிகாபிட் சுவிட்ச்சில் ஐஸ்கஸி போதும். கெட்டுப்போனால் ஓசூரிலேயே மாற்று கிடைக்கக்கூடிய பொருள். பார்க்கத் தெரிந்த ஆளும் கிடைப்பார்.

2. சர்வர் மூன்றைத் தாண்டாது என்றால் சுவிட்ச்சே வேண்டாம். ஒவ்வொரு கன்ட்ரோலரிலும் நான்கு போர்ட் உள்ள பெட்டியில் சர்வர்களை நேராக மாட்டிவிடலாம். கொட்டேஷன் கொடுப்பவர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார்.

3. பத்து இருபது சர்வர், ஓய்வில்லாத தரவுத்தளம், அதற்கென்று ஓர் ஆள் என்று இருக்கும் பெரிய மருத்துவமனைக்கோ வாகன ஆலைக்கோ ஃபைபர் சேனல் தன் விலைக்கு நியாயம் செய்யும்.

ஃபைபர் சேனல் வாங்குகிறவர்கள் இரண்டு விஷயத்தைக் கேட்டுக்கொள்ள வேண்டும். 24 போர்ட் என்று எழுதியிருக்கும் சுவிட்ச்சில் லைசென்ஸ் 8 போர்ட்டுக்கு மட்டும் இருக்கலாம். மீதிக்குப் பின்னால் காசு. இன்னொன்று, இந்தக் கருவிகள் பொதுவாக இரண்டு தலைமுறை பின்னோக்கியே பேசும். பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் சல்லிசாகக் கிடைக்கும் பழைய 4 ஜிகாபிட் கார்டு 32 ஜிகாபிட் சுவிட்ச்சோடு ஒட்டாது. கேபிளில் கவனிக்க வேண்டியது தூரம். நீலப்பச்சை நிறத்து ஓ.எம்.3 இழை 16 ஜிகாபிட்டில் 100 மீட்டர் வரைதான் போகும். அலுவலகத்துக்கும் பின்னால் இருக்கும் குளிர்கிடங்குக்கும் அதைவிடத் தூரம் என்றால் மஞ்சள் நிறத்து சிங்கிள் மோடு வேண்டும், 10 கிலோமீட்டர் வரை தாங்கும்.

## ஓசூரில் ஒரு நகல்

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழை ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் கொட்டியபோது, நிறுத்தி வைத்திருந்த வண்டிகளே அடித்துக்கொண்டு போயின. தரைத்தளத்தில் சர்வர் அறை வைத்திருப்பவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஒரே அறையில் எத்தனை இரட்டை வைத்தாலும் அறையே போனால் எல்லாம் போகும்.

நகலை வெளியூரில் வைப்பதில் இரண்டு முறைகள் உண்டு. இரண்டு ஊரிலும் எழுதி முடித்த பிறகே சர்வருக்குப் பதில் சொல்வது ஒன்று. இங்கே எழுதியதும் பதில் சொல்லிவிட்டு, அங்கே சில வினாடியோ நிமிடமோ பிந்தி அனுப்புவது மற்றது. முதல் முறையில் ஒரு பதிவும் தொலையாது, ஆனால் தூரம் குறுக்கே நிற்கும். கண்ணாடி இழையில் ஒளி ஒரு கிலோமீட்டருக்கு 5 மைக்ரோ வினாடி எடுக்கும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். போய்வர அரை மில்லி வினாடி. எஸ்.எஸ்.டி. எழுதி முடிக்கும் நேரத்தைவிட இது அதிகமாகக்கூட இருக்கும். இழை நேர்கோட்டிலும் போவதில்லை.

டோக்கன் கணக்கும் இங்கே மறுபடி வருகிறது. தோப்பு தூரமாக இருந்தால் டோக்கன் திரும்ப நேரமாகும், அதனால் சாலை காலியாக இருக்கும்போதே லாரிகள் காத்துக்கிடக்கும். 8 ஜிகாபிட் வேகத்துக்குக் கிலோமீட்டருக்கு நான்கு கிரெடிட் என்பது கைக்கணக்கு. ஓசூருக்கு 200. சின்னச் சுவிட்ச்சின் ஒரு போர்ட்டில் வழக்கமாக அவ்வளவு இருக்காது. ஆலைக்குப் பிந்தி அனுப்பும் முறையே போதும். ஐந்து நிமிடத்து எடைச்சீட்டுகளைக் காகிதத்தைப் பார்த்து மறுபடி ஏற்றிவிடலாம்.

எந்த முறையானாலும் நகல் வேறு, பேக்கப் வேறு. இங்கே ஒருவர் தவறாக அழித்தால் ஓசூரிலும் உடனேயோ சற்றுப் பிந்தியோ அழியும். தரவைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர் இங்கே பூட்டினால் அங்கேயும் பூட்டும். நெட்வொர்க்கிலிருந்து கழற்றி வைத்த ஒரு பிரதி தனியாக இருந்தே ஆக வேண்டும்.

## பணம் கொடுக்கும் முன் பிடுங்கிப் பாருங்கள்

கேட்டலாக்கில் இருக்கும் இரட்டை வழி, உங்கள் அறையில் வேலை செய்கிறதா என்பது பிடுங்கிப் பார்த்தால்தான் தெரியும். மாங்காய் வரத்து தொடங்கும் முன், சப்ளையரைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துக்கொண்டு, சர்வர்களில் பெரிய கோப்புகளை நகல் ஓடவிட்டு, இவற்றைச் செய்ய வேண்டும்.

1. ஒரு சர்வரின் ஒரு கேபிளைப் பிடுங்குவது. நகல் சில வினாடி தயங்கலாம். லினக்ஸில் ஒரு டிஸ்க் கட்டளை பதிலுக்காக வழக்கமாக 30 வினாடி பொறுக்கும். அதற்கு மேல் தொங்கினால் மல்ட்டிபாத் அமைப்பு சரியில்லை.

2. முதல் சுவிட்ச்சை அணைப்பது. திரும்ப ஆன் செய்து, எல்லா வழிகளும் திரும்பி வந்தபின் இரண்டாவதை அணைப்பது. முதல் சோதனையில் தேறி இரண்டாவதில் விழும் அறைகள்தான் அதிகம். ஏதோ ஒரு கேபிள் தவறான சுவிட்ச்சில் இருக்கும்.

3. ஒரு கன்ட்ரோலரை வெளியே இழுப்பது. இதை சப்ளையரே செய்ய வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

4. ஒரு யு.பி.எஸ்.ஸை அணைப்பது. ஒவ்வொரு கருவியிலும் இரண்டு பவர் சப்ளை இருக்கும். அவற்றின் இரண்டு வயர்களும் பின்பக்கம் போய் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் சொருகியிருப்பது, லட்சக்கணக்கில் செலவு செய்த அறைகளிலும் சாதாரணமாகக் காணக்கூடிய காட்சி. கோடை இடிமழையில் எங்கள் பக்கம் கரன்ட் எத்தனை முறை போய் வரும் என்று எல்லோருக்கும் தெரியும்.

கடைசியாக எல்லாவற்றையும் அணைத்து மறுபடி ஆன் செய்து பார்க்க வேண்டும். முதலில் சுவிட்ச், அது எழுந்தபின் டிஸ்க் பெட்டி, அது முழுதாகத் தயாரானபின் சர்வர்கள். அணைக்கும்போது சர்வரிலிருந்து பின்னோக்கி. கரன்ட் வந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் எழுந்தால், சர்வர் முந்திக்கொண்டு தேடும், டிஸ்க் இன்னும் தூக்கத்தில் இருக்கும், தரவு காணோம் என்று திரை சொல்லும். இந்த வரிசையைப் பெரிய எழுத்தில் தமிழில் எழுதிக் கதவின் உட்பக்கம் ஒட்டி வையுங்கள். இரவு இரண்டு மணிக்கு அந்தக் கதவைத் திறக்கப்போகிறவர் சப்ளையரின் இன்ஜினியர் இல்லை, வாட்ச்மேன்.